ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன்

நான் படியில் விழுந்த கதையை 16 நாட்களில் 47 முறை சொன்னேன். கணக்கு எழுதுவது என் தொழில்; எண்ணாமல் இருக்க எனக்கு வராது. எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டுவைத்தேன். மாடிப்படியில் கடைசிக்கு முந்தைய படி, இரண்டு கையிலும் பை, ஈரம், சறுக்கல், பிறகு அந்தச் சத்தம். முதல் நாள் இந்தக் கதை பத்து நிமிடம் ஓடியது. நான்காம் நாள் பாதியாகச் சுருங்கியது. பத்தாம் நாள் "படியில் வழுக்கிவிட்டது" என்று இரண்டே சொல்லில் முடித்துப் பார்த்தேன். வந்தவர்கள் விடுவதாக இல்லை. "எந்தப் படி? ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று தொடங்கி, "பார்த்து இறங்கியிருக்கக் கூடாதா?" என்பதில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்த்து இறங்கியிருக்கலாம் என்பதை 47 முறையும் ஒப்புக்கொண்டேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலையும் கிழித்திருந்தது. காலுக்கு வெளியே ஒரு கம்பிச் சட்டம் பொருத்தி, அதிலிருந்து எலும்புக்குள் ஆணிகளை இறக்கி நிறுத்தியிருந்தார்கள். பார்க்க ஆன்டெனா நட்டதுபோல இருக்கும். கட்டில் ஆடினால் சட்டம் ஆடும். சட்டம் ஆடினால் எனக்கு உயிர் போய்த் திரும்பும். இதை வந்தவர்களிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவ்வளவு அக்கறையோடு கட்டில் விளிம்பில் வந்து உட்காருகிறவரிடம் "எழுந்திருங்கள்" என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இரண்டாவது வாரத்தில்தான் வந்தது.

படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் அந்த இடத்துக்கு வீட்டுக்காரன் நான்தான் என்பது மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. யார் வந்தாலும் "வாருங்கள், உட்காருங்கள்" என்று முதலில் சொல்ல வேண்டியவன் நான். இரண்டே ஸ்டூல்கள் இருப்பதற்கு வருத்தப்பட வேண்டியவனும் நான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் அறிமுகம் செய்துவைப்பதும், பேச்சு அறுந்து எல்லோரும் கட்டில் கம்பியைப் பார்க்கத் தொடங்கினால் எதையாவது எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. என் காலைப் பார்த்து யாருக்காவது கண் கலங்கினால் "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தேற்றுவதும் நானே. விருந்தோம்பலில் பாக்கி இருந்தது வாசல்வரை சென்று வழியனுப்புவது மட்டும்தான். மாலை 4 முதல் 6 வரை பார்வையாளர் நேரம். மதியம் போட்ட வலி மருந்தின் வேகம் இறங்குவதும் சரியாக அதே இரண்டு மணி நேரத்தில்தான்.

ஒன்பதாம் நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெட்கம் போய்விட்டது.

அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். 4:10 இருக்கும். நால்வர் நிற்க, எங்கள் மேலாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், ஆனால் உட்கார்ந்தால் எழ மாட்டார். 4:30 வாக்கில் எனக்குச் சிறுநீர் முட்டத் தொடங்கியது. குடுவை கட்டிலுக்கு அடியில் இருந்தது. எழுந்து நடக்க முடியாதவனுக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. யாராவது குனிந்து எடுத்துத் தர வேண்டும், திரையை இழுக்க வேண்டும், மற்றவர்கள் விலகிப் போக வேண்டும். துணைக்கு இருந்த என் தம்பியோ, அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று மருந்து வாங்கப் போய்விட்டான். மேலாளர் எங்கள் அலுவலகக் கணினிகள் புதுப்பிக்கப்படுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். 5:00 ஆனது. 5:15 ஆனது. நெற்றியில் வியர்த்தது. "பார், எவ்வளவு புழுக்கம்" என்று ஒருவர் விசிறிவிட்டார்.

அப்போது அந்தப் பக்கம் போன நர்ஸ் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "டிரெஸ்ஸிங் செய்ய வேண்டும், எல்லோரும் கிளம்புங்கள்" என்றார். டிரெஸ்ஸிங் காலையிலேயே முடிந்துவிட்டிருந்தது. அவர்கள் வார்டு வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரையை இழுத்துக் குடுவையை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். விழுவதற்கு முன்பு நான் இவர்கள் எல்லோரையும்விட மோசமான பார்வையாளன். யாராவது மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்றால் "ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்பேன். எட்டு என்பது காலடி. ஒரு காலடி எடுத்துவைத்துத் திரும்புவதுபோல என்ற கணக்கு. தலையைக் காட்டிவிட்டு வருவது என்றும் சொல்வோம். இரண்டு சொல்லிலும் போகிறவனின் காலும் தலையும்தான் இருக்கின்றன. படுத்திருப்பவர் எங்கேயும் இல்லை. போகாவிட்டால் நாளை யாராவது கேட்பார்கள் என்பதற்காகப் போய், போன கையோடு வருகைப் பதிவேட்டில் மனத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவன் நான்.

அப்படிப் போன ஒரு நாளில் என் பெரியப்பாவின் அறுவை சிகிச்சையைக் கெடுத்தேன். காலை பத்து மணிக்குக் குடலிறக்கத்துக்கு ஆப்பரேஷன். நான் எட்டரைக்குப் போனேன். "நாக்கு வறண்டு கிடக்கிறது, என்னை யாரும் கவனிக்கவில்லை" என்றார். பெரியம்மா குளிக்கப் போயிருந்தார். பிளாஸ்கில் பால் இருந்தது. பாசத்தோடு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அவரும் பாசத்தோடு குடித்துவிட்டார். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையை நான் பார்க்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டையின் காவல் போய்விடுகிறது. விழித்திருக்கும்போது ஒரு துளி தவறிப்போனாலும் புரையேறி இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் அந்த இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பொதுவாக லேசான உணவென்றால் 6 மணி நேரமும், தெளிந்த நீரென்றால் 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்கிறார்கள். பால் பார்க்கத் திரவமாக இருந்தாலும் உணவுக் கணக்கில்தான் சேரும். வயிற்றில் போய்த் திரிந்து கட்டியாகிவிடுகிற சாமான் அது. மயக்க மருத்துவர் வந்து "காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்க, பெரியப்பா பெருமையாக "என் தம்பி மகன் பால் கொடுத்தான்" என்றார். ஆப்பரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பெரியப்பா அன்று முழுவதும் அதே பயத்தை இன்னொரு முறை பட்டார். பெரியம்மா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

எனக்குக் கால் குணமாகி வீட்டில் ஊன்றுகோலோடு திரிந்த மாதங்களில், படுத்துக்கிடப்பவனின் தரப்பை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். 1859-ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியிருக்கிறார். நோயாளியைப் பராமரிப்பது குறித்த அவருடைய சிறிய புத்தகத்தில், பார்க்க வருகிறவர்கள் அள்ளிவீசும் ஆறுதல்களையும் ஆலோசனைகளையும் வறுத்தெடுப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. விளக்கேந்திய கருணை வடிவமாகவே அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்தவன் நான். இந்த அத்தியாயத்தில் அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறார். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதே புத்தகத்தில் சத்தத்தைப் பற்றிய இன்னோர் அத்தியாயத்தில் கட்டளைகளாகவே அடுக்குகிறார்: நோயாளி தலையைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள், அவசரத்தைக் காட்டாதீர்கள், கட்டிலில் சாயாதீர்கள், உட்காராதீர்கள், அதை ஆட்டவும் ஆட்டாதீர்கள், அறைக்குள்ளோ வாசலிலோ கிசுகிசுக்காதீர்கள். 1857-லிருந்து பல ஆண்டுகள் அவரே நோயில் விழுந்து படுக்கையோடு இருந்தவர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் கட்டிலையும் யாரோ ஆட்டியிருக்க வேண்டும்.

கிசுகிசுப்பைப் பற்றி அவர் சொன்னதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். மருத்துவர் காலையில் பார்த்துவிட்டுப் போனதும், என் அத்தை தம்பியை வார்டு வாசலுக்கு அழைத்துப் போய் ஏதோ பேசுவார். எனக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகளும் அத்தையின் கையசைவும் மட்டும்தான். காலை எடுத்துவிடப் போகிறார்கள் என்று இரண்டு இரவுகள் முடிவுகட்டிப் படுத்திருந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன். அவர்கள் பேசியது துணி துவைக்கும் இயந்திரம் பழுதானதைப் பற்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கட்டிலுக்கு எதிரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு மரத்தின் மேல்பாதி தெரியும். வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், காற்று வருகிறது என்று. 1984-ல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரின் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள், கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே வாங்கியிருந்தார்கள். 46 பேர் என்பது சிறிய கணக்குதான், நானும் அதை வைத்துப் பெரிதாக எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் என் மரத்தை மறைத்துக்கொண்டு நின்றவர்களின் முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுவருடம் ஒரு மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். யாரும் பார்க்க வராத நோயாளிகளிடம் போய் உட்கார்ந்திருக்கும் வேலை. வாரம் ஒரு மாலை. பிராயச்சித்தம் என்று என் மனைவி கேலி செய்கிறாள். இருக்கலாம்.

முதல் நாள் சொல்லித்தந்தது கை கழுவுவதைத்தான். சானிடைசர் என்றால் கை காயும்வரை 20, 30 விநாடிகள் எல்லா இடுக்கிலும் தேய்க்க வேண்டும். போகும்போது மட்டும் போதாது, வரும்போதும் வேண்டும். நோயாளியைத் தொடாமல் அவர் கட்டில் கம்பியை மட்டும் தொட்டிருந்தாலும் வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவரின் அருகே போய் வந்தால் சானிடைசரை நம்பக் கூடாது. அந்தத் தொற்றுகளில் சில சாராயத்துக்கு மசியாதவை, சோப்பும் தண்ணீரும்தான் அவற்றைக் கழுவித் தள்ளும். நமக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் போகவே கூடாது. "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எட்ட நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே நிற்பவர்களை இப்போதும் பார்க்கிறேன். கீமோதெரபியில் இருப்பவருக்கு அந்தத் தும்மல் போதும். பூங்கொத்தும் அப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் பெரும்பாலும் அதை உள்ளே விட மாட்டார்கள். ஜாடித் தண்ணீரில் கிருமிகள் நன்றாக வளரும்.

கை கழுவக் கற்றுக்கொண்டுவிட்டேன். வாயை அடக்கக் கற்றுக்கொள்ளத்தான் நாளாயிற்று. பக்கவாதத்தில் பேச்சு போன ஓர் அம்மாளிடம் பல வாரங்கள் போனேன். அவருக்கு எல்லாம் புரியும், சொல்தான் வராது. "த... த..." என்று தொடங்குவார். நான் "தண்ணீரா? தலையணையா? தம்பியா?" என்று வினாடி வினா நடத்துவேன். மூன்றாவது வாரம் அவர் நல்ல கையால் என் வாயைப் பொத்தினார். பொத்திவிட்டு, தன் வசதிக்கு நேரமெடுத்து, "தள்ளு" என்றார். நான் அவர் போர்வையின் மேல் கையூன்றி உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு காத்திருக்கப் பழகினேன். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி கேட்பேன், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. காது நன்றாகக் கேட்பவரிடம் கத்திப் பேசுவதையும் விட்டேன். பேச முடியாதவரைக் கண்டால் நமக்கு ஏனோ குரல் தானாக உயர்ந்துவிடுகிறது.

ஒரு பெரியவர் நிமோனியாவோடு வந்தவர். பகலெல்லாம் தெளிவாக இருப்பார். பொழுது சாய்ந்தால் தான் ரயிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி ஊசிக்குழாயைப் பிடுங்கப் பார்ப்பார். புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் வீட்டார் பயந்துபோய் வருவதையே குறைத்துக்கொண்டார்கள். இதை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் மருத்துவமனைக்கு வரும் முதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் திடீர்க் குழப்பம், பெரும்பாலும் தணிந்துவிடக்கூடியது. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளைக் கவனித்திருக்கிறார்கள். ஒரு பிரிவினரிடம் நாள், கிழமை, இடம் எல்லாவற்றையும் நினைவூட்டிப் பேசினார்கள், எழுப்பி நடக்கவைத்தார்கள், இரவில் தூங்கவிட்டார்கள், கண்ணாடியும் காதுக்கருவியும் தண்ணீரும் கைக்கெட்டும்படி பார்த்துக்கொண்டார்கள். இந்த வேலைகளில் பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குக் குழப்பம் வந்தது, இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது.

நான் அந்தப் பெரியவரிடம் போய் முதலில் செய்தது, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டதுதான். தொலைந்துவிடும் என்று வீட்டார் பூட்டிவைத்திருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அந்த நீண்ட கூடமும் வரிசை விளக்குகளும் ரயில் நிலையம் மாதிரிதான் இருக்கின்றன. நானும் என் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன்.

ரயில் பற்றி அவர் பேசினால் நான் வாதாட மாட்டேன். "இன்று புதன்கிழமை, மணி ஐந்து, உங்களுக்குச் சளிக்கு மருந்து கொடுக்கிறார்கள், நான் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்" என்பேன். "வண்டி?" என்பார். "அவசரமில்லை" என்பேன். அதோடு படுத்துக்கொள்வார்.

தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அங்கே ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். அந்த ஐந்து நிமிடமும் தலைக்கு மேலே ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் நிறையப் பேர். ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் 97-லிருந்து 96 ஆனால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கத்தான் அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்களே. முகம் கீழே இருக்கிறது.

குழந்தைகளின் வார்டுக்கு நான் போவதில்லை, மனம் தாங்காது. ஆனால் பெற்றோரையே உள்ளே விடாத காலம் ஒன்று இருந்தது என்று படித்தபோது ஆத்திரம் வந்தது. பிரிட்டனில் 1950 வாக்கில்கூட வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் தாய்மாரை அனுமதித்த மருத்துவமனைகள் இருந்தன. அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ல், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்துக் காட்டினார். அந்த அமைதி என்பது குழந்தை நம்பிக்கை இழந்துபோன நிலை என்பது அவர் வாதம். குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று அந்நாட்டின் அரசுக் குழு பரிந்துரைக்க 1959 ஆனது. 2020-ல் கொரோனா வந்து உலகம் முழுவதும் பார்வையாளர்களை வாசலிலேயே நிறுத்தியபோது, நர்ஸ் ஒருவர் உறைபோட்ட கையால் பிடித்துக் காட்டிய தொலைபேசித் திரையில் நான் என் பெரியம்மாவைப் பார்த்தேன். பேசாமலிருந்த அந்த ஒரு வாரத்துக்கு அன்று அவர் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார்.

துணைக்கு இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. மருத்துவம் என்பதை வள்ளுவர் நான்காகப் பிரிக்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். அந்தப் பட்டியலில் பழப்பையோடு வந்து கட்டிலை ஆட்டும் பார்வையாளனுக்கு இடமில்லை, நான் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன். கட்டிலுக்கடியில் பாய் விரித்து, இரவு மூன்று மணிக்கு டிரிப்ஸ் தீர்ந்ததா என்று எழுந்து பார்த்து, பகலில் வருகிறவர்களுக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டுத் தான் சுவரோரம் நிற்கிறவருக்கு முழுசாகக் கால்பங்கு இருக்கிறது.

அதனால் இப்போது நான் யாரையாவது பார்க்கப் போனால், பாதி துணைக்கு இருப்பவரைப் பார்ப்பதற்காக. "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்ததே போதும்" என்பார்கள், அதை ஒரு விடையாக எடுத்துக்கொள்ள முடியாது. "நான் ஆறு மணிவரை இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்க் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் காலாற நடந்துவிட்டு வாருங்கள்" என்பேன். முதலில் தயங்குவார்கள். பிறகு செருப்பை மாட்டுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு முறை ஒரு பெண், கணவருக்கு 12 நாட்கள் துணையிருந்தவள், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து எங்கேயும் போகவில்லை என்றாள். கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் தூணில் சாய்ந்து யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாளாம். முகம் தெளிந்திருந்தது.

கையில் எடுத்துப் போவதும் மாறிவிட்டது. நீளமான ஒயர் வைத்த சார்ஜர். மருத்துவமனையில் பிளக் எப்போதும் கட்டிலின் தவறான பக்கத்தில்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி. உதட்டுக்குத் தடவும் களிம்பு. ஆக்சிஜன் வைத்தவர்களுக்கு உதடு வெடிக்கும், ஆனால் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசையான களிம்பு கூடாது என்பதால் நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். நோயைப் பற்றி நானாகக் கேட்பதில்லை. அவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அவர் பயமாக இருக்கிறது என்றால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வாயை அடைப்பதும் இல்லை. இதே நோய் வந்த இன்னொருவர் கதை எனக்குக் கட்டாயம் நினைவுக்கு வரும். அதைப் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். மற்றபடி வெளியே நடப்பவை. தெருநாய் குட்டி போட்டது, அலுவலகத்தில் யார் யாரோடு சண்டை. படுத்திருப்பவருக்கு உலகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி போல ருசியானது வேறில்லை.

சென்ற மாதம் எங்கள் பழைய மேலாளர் மூச்சுத்திணறலோடு சேர்க்கப்பட்டார். கணினிகளைப் பற்றி 45 நிமிடம் சொன்னாரே, அவரேதான். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். 5:20-க்குப் போனபோது வாயைத் திறந்து நல்ல தூக்கத்தில் இருந்தார். அவர் மகன் எழுப்பப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். மருத்துவமனையில் யாரும் ஒழுங்காகத் தூங்கிவிட முடியாது. ரத்தம் எடுக்க, சூடு பார்க்க, தூக்க மாத்திரை கொடுக்கக்கூட எழுப்புவார்கள். மகனைக் கீழே அனுப்பிவிட்டு, ஸ்டூலை அவர் கண்ணுக்கு நேராகப் போட்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இடது கையில் டிரிப்ஸ். அவர் கண்ணாடி, தண்ணீர், தொலைபேசி மூன்றும் இடப்பக்க மேசையில். அந்த மேசையைச் சத்தமில்லாமல் வலப்பக்கம் நகர்த்தினேன். ஆறு மணிக்குக் காவலாளி வந்து கதவைத் தட்ட, மகனும் மேலே வர, கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவரிடமிருந்து அழைப்பு. குரல் நன்றாகத் தேறியிருந்தது.

"நேற்று வருவதாகச் சொன்னாயே, ஏன் வரவில்லை? ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாய்?"

மகன் சொல்லவில்லை போலிருக்கிறது. "மன்னித்துக்கொள்ளுங்கள் சார்" என்றேன். "இன்று வரட்டுமா?"

"வா. ஆனால் எப்படி மூச்சுத் திணறியது என்று மட்டும் கேட்காதே. நேற்று முன்தினம்வரை 26 பேரிடம் சொல்லிவிட்டேன்."